கேள்வி – பதில்: வெயிலை விழுங்கும் தூளும் ஓட்டோவுக்குப் பெற்றோலும்

போன இதழில், சூரிய ஒளியை முடிந்தவரை முழுசாகப் பிடித்து நீரிலிருந்து ஐதரசன் எடுக்கும் நனோ ஒளியூக்கிகள் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்து குவிந்த கேள்விகளைப் பார்த்தால், இந்த முறை வேறெதற்கும் இடமில்லை. விசா, வீட்டு வாடகை, தலைமுடி உதிர்வு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலில் தண்ணீருக்கும் குறைவில்லை, காலிமுகத்திடலில் வெயிலுக்கும் குறைவில்லை. வெயில் நீரைப் பிரிக்குமென்றால் கடல் ஏன் தானாகவே ஐதரசனும் ஒட்சிசனுமாகப் பிரிந்து போகவில்லை?
– உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

நல்லவேளை போகவில்லை, தங்கச்சி. காரணம் சின்னது: நீர் அந்த ஒளியைப் பிடிப்பதே இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி நீருக்குள்ளால் அப்படியே போய்விடுகிறது, அதனால்தான் கிளாசில் ஊற்றிய தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது. அகச்சிவப்பை நீர் நன்றாகவே விழுங்கும், ஆனால் அதில் சூடாகுமே தவிர பிணைப்பு உடையாது.

அதனால் நடுவில் ஒரு தரகர் வேண்டும். அதுதான் ஒளியூக்கி, பெரும்பாலும் ஒரு குறைகடத்தி. ஒளி பட்டதும் அதற்குள் ஒரு இலத்திரன் மேல் மட்டத்துக்குத் தாவும், அது இருந்த இடத்தில் ஒரு துளை மிஞ்சும். இலத்திரன் போய் ஐதரசன் அயனைச் சந்தித்தால் ஐதரசன் வாயு, துளை நீரிலிருந்து இலத்திரனைப் பிடுங்கினால் ஒட்சிசன். 1972 இல் ஜப்பானின் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹொண்டாவும் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதியது இதைத்தான். ஒரு பக்கம் டைட்டேனியம் ஈரொட்சைட்டு, மறுபக்கம் பிளாட்டினம், நடுவில் நீர். ஒளி பட்டதும் நீர் பிரிந்தது. அடுத்த வருடமே எண்ணெய் நெருக்கடி வந்து உலகமே விலையைப் பார்த்து மிரண்டதால், இந்த ஆய்வின் மீது எல்லோருடைய கண்ணும் விழுந்தது.

சிக்கல் என்னவென்றால், டைட்டேனியம் ஈரொட்சைட்டு பால் போல வெள்ளை. சுவர்ப் பெயின்ட்டிலும் பற்பசையிலும் இருக்கிற அதே வெள்ளைதான். ஒரு பொருள் வெள்ளையாக இருக்கிறதென்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒளியையெல்லாம் திருப்பி அனுப்பிவிடுகிறது என்று அர்த்தம். ஏறத்தாழ 390 நனோமீற்றருக்குக் கீழே உள்ள புறஊதா ஒளிதான் அதற்குள் வேலை செய்யும். தரைக்கு வந்து சேரும் சூரிய சக்தியில் புறஊதா 5 சதவீதம் அளவில்தான். பாதிக்குக் கொஞ்சம் குறைவு கட்புல ஒளி, மீதி அகச்சிவப்பு. அப்போ 95 சதவீத வெயில் சும்மா போகிறது.

சின்னச் சின்ன ஒளித்துணிக்கைகள் பல சேர்ந்து ஒரு இலத்திரனை ஏற்றிவிட முடியாதா என்று உங்கள் கடிதத்தின் கீழே கேட்டிருக்கிறீர்கள். ஐந்தடி மதிலை ஒரே பாய்ச்சலில்தான் தாண்டவேண்டும், இரண்டரை அடியாக இரண்டு தரம் குதித்தால் நின்ற இடத்திலேயேதான் நிற்பீர்கள். குவாண்டம் இயற்பியல் விதித்த கட்டுப்பாடு இது. இதை ஏமாற்ற வழியே இல்லை என்று சொல்லவில்லை, அடுத்த பதிலில் வருகிறேன்.

அப்படியென்றால் தூளைக் கறுப்பாகச் செய்துவிட்டால் முடிந்ததே? எல்லா நிறத்தையும் விழுங்கிவிடுமே? இதற்கு 50 வருடம் ஏன்?
– ஓய்வுபெற்ற பொறியியலாளர், வெள்ளவத்தை

ஐயா, இந்தத் துறையில் செய்தி எழுதுபவர்கள் பாதிப் பேர் உங்களைப் போலத்தான் நினைக்கிறார்கள். 'முழு நிறமாலையையும் உறிஞ்சும் புதிய நனோப் பொருள்' என்று தலைப்புப் போடுவார்கள். உறிஞ்சுவது பெரிய காரியமில்லை. அடுப்புக்கரியும் முழு நிறமாலையையும் உறிஞ்சுகிறது, அதைப் போட்டு வெயிலில் வைத்தால் தண்ணீர் சுடும், அவ்வளவுதான். ஒளியைப் பிடிப்பது ஒரு வேலை, பிடித்ததை வைத்து நீரைப் பிரிப்பது வேறு வேலை. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கிற வேலைகள், அதனால்தான் 50 வருடம்.

கணக்கைப் பாருங்கள். நீரைப் பிரிக்க இலத்திரன் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 1.23 இலத்திரன் வோல்ற்று வேண்டும். அது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் வழியில் போகிற நட்டத்தையும் சேர்த்து, ஒரே பொருளால் செய்வதானால் 2 வரைக்கும் தேவைப்படும். டைட்டேனியம் ஈரொட்சைட்டின் பட்டை இடைவெளி, அதாவது இலத்திரன் ஒரே பாய்ச்சலில் தாண்டவேண்டிய மதிலின் உயரம், 3.2, அது வெள்ளை. இடைவெளியைக் குறைக்கக் குறைக்க மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஏறிக் கூடுதல் ஒளி பிடிபடும், ஆனால் இலத்திரனின் சக்தி குறைந்துவிடும். 1 க்குக் கீழே போனால் கன்னங்கரேலென்று இருக்கும், நீரை அசைக்கக்கூட முடியாது.

கட்மியம் சல்பைட்டு 2.4, அழகான மஞ்சள், கட்புல ஒளியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதில் உருவாகும் துளை நீரைத் தாக்குவதை விட்டுவிட்டுத் தன் சொந்த சல்பைட்டையே தின்னத் தொடங்கும், கட்மியம் கரைந்து நீரில் சேரும். விஷம் வேறு. இரும்புத்துரு, அதாவது பெரிக் ஒட்சைட்டு, 2.1. மலிவு, விஷமில்லை, நீரில் நிற்கும். ஆனால் அதில் துளை சில நனோமீற்றர் தூரம் போவதற்குள் இலத்திரனோடு திரும்பவும் சேர்ந்து சூடாகிச் செத்துப் போகும்.

'நனோ' என்ற சொல்லுக்கு உண்மையிலேயே வேலை வருகிற இடம் இங்கேதான். துகளையே சில நனோமீற்றர் அளவில் செய்தால், அல்லது மெல்லிய கம்பியாகவோ தகடாகவோ செய்தால், துளை எங்கே பிறந்தாலும் மேற்பரப்பு பக்கத்திலேயே இருக்கும். சாவதற்கு முன் நீரைத் தொட்டுவிடலாம். மேற்பரப்பும் கூடும். அத்தோடு இன்னொரு வசதி: கட்மியம் செலனைட்டு போன்ற குறைகடத்திகளைச் சில நனோமீற்றர் அளவான துகளாக, அதாவது குவாண்டம் புள்ளியாகச் சுருக்கினால், அதே பொருள், அளவு மாற நிறமும் மாறும். துகள் சிறுக்கச் சிறுக்க பட்டை இடைவெளி கூடும். அளவை வைத்தே எந்த நிற ஒளியைப் பிடிக்கவேண்டும் என்று தீர்மானிக்கலாம்.

இப்போ மதிலை ஏமாற்றும் வழிகள். ஒன்று, இலை செய்கிற வேலை. இலைக்குள் ஒளியைப் பிடிக்கும் ஒளித்தொகுதி ஒன்று, இரண்டு என்று இரண்டு இருக்கின்றன, ஒரு இலத்திரனை இரண்டு கட்டமாக ஏற்றுகின்றன. அதே மாதிரி இரண்டு வேறு குறைகடத்திகளை இணைத்து, ஒன்று ஒட்சிசன் பக்கத்தையும் மற்றது ஐதரசன் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும்படி செய்வதுதான் இசட் முறை. ஒவ்வொன்றும் சிறிய இடைவெளியோடு இருக்கலாம், கட்புல ஒளி போதும். இரண்டு, தங்க, வெள்ளி நனோத் துகள்கள். தங்கம் அந்த அளவில் மஞ்சளாக இருக்காது, கரைசல் சிவப்பாக இருக்கும், பச்சை ஒளியைப் பலமாக விழுங்கி அந்தச் சக்தியைப் பக்கத்திலிருக்கும் குறைகடத்திக்குக் கைமாற்றிவிடும். மூன்று, இற்றர்பியம், ஏர்பியம் போன்ற அருமண் மூலகங்கள் கலந்த துகள்கள். இவை அகச்சிவப்புத் துணிக்கைகள் இரண்டு மூன்றை வாங்கி ஒரு கட்புலத் துணிக்கையாகத் திருப்பித் தரும். கேட்க மாயம் போல இருக்கும், விளைதிறன்தான் மிகக் குறைவு. எனக்கு இந்த மூன்றாவதில் பெரிய நம்பிக்கை இல்லை.

கறுப்புக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011 இல் டைட்டேனியம் ஈரொட்சைட்டு நனோத் துகளை ஐதரசன் வாயுவில் அழுத்தத்தோடு சூடாக்கி உண்மையிலேயே கறுப்பாக்கிவிட்டார்கள். உலகமே அதன் பின்னால் ஓடியது. கறுப்பானது உண்மை. ஆனால் கறுப்பானதால் பிடிபட்ட ஒளியில் பெரும் பகுதி ஐதரசனாக மாறவில்லை என்று பிறகு பலர் சொன்னார்கள். நிறத்தை மாற்றுகிற அதே குறைபாடுகள் இலத்திரனும் துளையும் மறுபடி சேரும் பொறியாகவும் ஆகிவிடுகின்றன.

அகச்சிவப்புக்கு எனக்குப் பிடித்த விடை வேறு. அதை வைத்து இலத்திரனை ஏற்றப் பாடுபடாமல் சூடாகவே பயன்படுத்துவது. 2023 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செத்தியன் மி குழுவினர் இண்டியம் கேலியம் நைத்திரைட்டு நனோக் கம்பிகளின் மேல் வெயிலை வில்லையால் குவித்து, அதிலிருந்த அகச்சிவப்பைக் கொண்டே நீரை 70 பாகை வரைக்கும் சூடாக்கினார்கள். அந்தச் சூட்டில் நீர் பிரியும் வேகம் கூடும், பிரிந்த ஐதரசனும் ஒட்சிசனும் திரும்பச் சேர்ந்து நீராவதும் குறையும். விழுந்த ஒளிச் சக்தியில் ஐதரசனாக மாறியது ஆய்வுகூடத்தில் 9.2 சதவீதம், வெளியில் உண்மையான வெயிலில் 6.2 சதவீதம். ஒளியூக்கி உலகத்தில் இது பெரிய எண்.

2022 இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தவன் நான். கியூஆர் அட்டை வந்த பிறகும் கிடைத்தது ஓட்டோவுக்குப் போதவில்லை. இது வந்தால் என் வீட்டுக் கூரையிலேயே ஓட்டோவுக்கு எரிபொருள் செய்யலாமா? சுத்திச் சுத்திச் சொல்லாமல் பதில் சொல்லவும்.
– ஓட்டோ ஓட்டுநர், மட்டக்குளி

இன்றைக்கு முடியாது அண்ணே. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

கொழும்பில் ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 5 அலகு (கிலோவாற்று மணி) அளவில் வெயில் விழுகிறது. உங்கள் கூரை 20 சதுர மீற்றர் என்று வைப்போம், 100 அலகு. ஒளியூக்கி 1 சதவீதம் வேலை செய்தால் ஒரு நாளைக்கு 1 அலகு பெறுமதியான ஐதரசன், நிறையில் 30 கிராம். ஒரு லீற்றர் பெற்றோலில் கிட்டத்தட்ட 9 அலகு இருக்கிறது. ஆக, 9 நாள் காத்திருந்தால் ஒரு லீற்றருக்கு ஈடு. 10 சதவீதம் வந்தால் நாளுக்கு ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் மேல், அது பேசத் தக்க அளவு. அமெரிக்காவிலும் ஒளியூக்கித் தூளுக்கு 10 சதவீதத்தைத்தான் இலக்காக வைத்தார்கள்.

இப்போதைய நிலை என்னவென்றால், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுனாரி டோமென் குழுவினர் 100 சதுர மீற்றர் பரப்பில் ஒளியூக்கித் தட்டுகளை வெளியில் பரப்பி மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து 2021 இல் முடிவை எழுதினார்கள். அதிகபட்சமாகக் கிடைத்தது 0.76 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுடைய தூள் சும்மா தூள் இல்லை, அலுமினியம் கலந்த துரந்தியம் (ஸ்ட்ரோன்சியம்) டைட்டனேற்று, விழுங்கிய புறஊதாத் துணிக்கைகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வேலைக்கு எடுக்கிறது. ஆனால் அது விழுங்குவதே புறஊதாவைத்தானே. மேலே வெள்ளவத்தை ஐயாவுக்குச் சொன்ன அகன்ற நிறமாலைக்கு ஏன் இத்தனை பாடுபடுகிறார்கள் என்பதற்கு இந்த 0.76 தான் விடை.

இன்னொன்று. தூளை நீரில் போட்டால் ஐதரசனும் ஒட்சிசனும் ஒன்றாகவே கலந்து வரும். காற்றில் ஐதரசன் 4 இலிருந்து 75 சதவீதம் வரைக்கும் எந்த அளவில் இருந்தாலும் தீப்பிடிக்கும், ஒட்சிசனோடு கலந்தே வந்தால் கேட்கவே வேண்டாம். டோமென் குழுவினர் வாயுவை மென்தகட்டால் பிரித்தார்கள், வேண்டுமென்றே பற்றவைத்துப் பாதுகாப்பையும் சோதித்தார்கள். மட்டக்குளியில் வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டிருக்கும் கூரைகளில் அந்தச் சோதனை வேண்டாம். எரிபொருள் கவலைக்கு வழி தேடுகிறீர்கள் என்றால் மின்சார ஓட்டோ, சோலார் பனல் பக்கம் பாருங்கள்.

எங்கள் கூரையில் சோலார் பனல் இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. மின்சாரமே மிஞ்சுகிறது என்கிறார்கள், இதற்குள் வெயிலிலிருந்து எரிபொருள் எதற்கு?
– இல்லத்தரசி, தெஹிவளை

அக்கா, மிஞ்சுவதால்தான். நண்பகலில் மிஞ்சுவதை இரவு 7 மணிக்குக் கொண்டுபோக பற்றரி போதும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் துறைமுகத்துக்கு வந்து போகிற கப்பலையும் கட்டுநாயக்காவிலிருந்து லண்டன் போகிற விமானத்தையும் பற்றரியில் ஓட்ட இன்றைக்கு வழியில்லை. அதைவிட நமக்குக் கிட்டியது உரம். யூரியாவுக்கு அமோனியா வேண்டும், அமோனியாவுக்கு ஐதரசன் வேண்டும், அந்த ஐதரசன் உலகத்தில் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது வயலில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. வெயிலிலிருந்து ஐதரசன் எடுக்க முடிந்தால் அதன் முதல் வாடிக்கையாளர் கார் இல்லை, உரம்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அதற்கும் இன்றைக்குக் குறுக்கு வழி உங்கள் கூரையிலேயே இருக்கிறது. வெயிலில் 20 சதவீதத்தை மின்சாரமாக்கும் பனல், அதன் மின்சாரத்தில் நீரைப் பகுக்கும் 65, 70 சதவீத இயந்திரம், பெருக்கினால் 13, 14 சதவீதம். ஒளியூக்கி முந்த வேண்டிய ஓட்டம் இது. ஒளியூக்கிக்காரர்களின் வாதம், கண்ணாடி, கம்பி, இன்வேர்ட்டர் எதுவுமில்லாமல் தூளைத் தட்டில் பூசி விரித்துவிடலாம், மலிவாகும் என்பது. ஆகலாம். ஆனால் பனல் விலை இறங்கிக்கொண்டே வந்த வேகத்தைப் பார்த்தவர்கள் அந்த வாதத்தை முன்பு போல உரக்கச் சொல்வதில்லை.

என் சொந்த ஊர் புல்மோட்டை. அங்கே மணலில் டைட்டேனியம் கிடக்கிறது. அதை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் நாமே இந்தத் தூளைச் செய்தால் என்ன?
– வாசகர், வத்தளை

புல்மோட்டைக் கறுப்பு மணலில் இல்மனைற்று, உரூட்டைல், சேர்க்கோன் என்று மூன்று கனிமங்கள் இருக்கின்றன. இல்மனைற்று இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. இரும்பைக் கழற்றினால்தான் வெள்ளைத் தூள், கழற்ற அமிலமோ குளோரினோ வேண்டும், கழிவைக் கடலில் விட முடியாது. ஹோமாகமவில் நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றும் நாட்டில் இருக்கிறது, அறிவுக்குப் பஞ்சமில்லை. செய்யத்தான் வேண்டும், ஆனால் பெயின்ட்டுக்கும் பிளாஸ்ரிக்குக்குமாகச் செய்யவேண்டும். ஒளியூக்கிக்குத் தேவைப்படும் தூள் கொஞ்சம்தான், அதை நம்பி ஆலை போட்டால் நட்டம்.

எங்கள் மொட்டைமாடிச் சுவரைத் தொட்டால் கையெல்லாம் வெள்ளை மாவு. பெயின்ட்காரர் வெயில்தான் காரணம் என்கிறார். இதற்கும் நீங்கள் சொல்லும் ஊக்கிக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

உண்டு! இந்தக் கேள்வியைப் படித்ததும் எழுந்து போய் எங்கள் பின் சுவரையும் தடவிப் பார்த்தேன், உள்ளங்கையில் அதே மாவு. பெயின்ட்டுக்குள் இருக்கும் டைட்டேனியம் ஈரொட்சைட்டு புறஊதா பட்டதும் தன் வேலையைத் தொடங்கி, தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பிசினையே உடைக்கிறது. பிசின் போனதும் தூள் தனியாக உதிர்கிறது. வெயில் பிசினை நேரடியாகவும் கெடுக்கும், மழையும் உதவும், எல்லாப் பழியையும் ஊக்கியின் தலையில் போட முடியாது. வெளிச்சுவருக்கு என்று செய்யும் நல்ல பெயின்ட்டில் அந்தத் துகள்களுக்கு மேல் சிலிக்கா, அலுமினா என்று மெல்லிய போர்வை போட்டு வாயைக் கட்டி வைத்திருப்பார்கள். அடுத்த முறை உள்சுவர்ப் பெயின்ட்டை மொட்டைமாடிக்கு அடிக்க விடாதீர்கள்.

முகநூலில் 'நனோ ஐதரசன் கருவி, தண்ணீரில் பாதி, பெற்றோலில் பாதி ஓடும்' என்று விளம்பரம். வாங்கலாமா?
– வாசகர், மருதானை

வேண்டாம். அது நீரைப் பகுக்கும் மின்சாரம் உங்கள் என்ஜினிலிருந்து, அதாவது உங்கள் பெற்றோலிலிருந்துதான் வருகிறது.

விஞ்ஞானக் கண்காட்சிக்குப் பத்தாம் தரப் பிள்ளைகள் ஒளியூக்கி ஏதாவது செய்து காட்ட விரும்புகிறார்கள். ஐதரசன் எடுத்துக் காட்டலாமா?
– ஆசிரியை, முகத்துவாரம்

டீச்சர், ஐதரசன் வேண்டாம், குமிழி வருவதற்குள் கண்காட்சி முடிந்துவிடும். மெதிலீன் நீலம் வாங்குங்கள், மீன்தொட்டிக் கடையில் மருந்தாகவே கிடைக்கும். நீரில் மெல்லிய நீலம் வரும் அளவுக்குச் சில துளி போதும். டைட்டேனியம் ஈரொட்சைட்டுத் தூளில் அனற்றேசு (anatase) என்ற படிக வகையைக் கேட்டு வாங்குங்கள். சவர்க்காரத்துக்கும் அழகுசாதனத்துக்கும் விற்பதில் மேலே சொன்ன போர்வை இருக்கக்கூடும், அது வேலை செய்யாது. தூளை அளக்கும்போது முகக்கவசம் போடுங்கள், மூச்சில் போகக் கூடாது.

மூன்று கண்ணாடிப் போத்தல்கள்: சாயம் மட்டும், சாயமும் தூளும், மறுபடியும் சாயமும் தூளும். முதல் இரண்டையும் காலை 10 மணி வெயிலில் வைத்து இடைக்கிடை குலுக்கச் சொல்லுங்கள். மூன்றாவதுக்கு அலுமினியத் தாள் சுற்றி அதே இடத்தில் வையுங்கள். தூள் அடியில் இறங்கிய பிறகுதான் நிறத்தை ஒப்பிட வேண்டும். நீலம் குறைவது தூளில் சாயம் ஒட்டிக்கொள்வதாலும் நடக்கும், ஒளியால் சாயம் உடைவதாலும் நடக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தத் தாள் சுற்றிய போத்தல்தான். விஷயம் தெரிந்த நடுவர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார், அதனால் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையை அந்தப் பக்கத்தில் நிறுத்துங்கள்.